முதல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டாவது வீட்டுக்கு லோன்: சேலத்தில் யாராவது செய்திருக்கிறீர்களா?

ஜங்ஷன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். ஜாகீர் அம்மாபாளையத்தில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இருக்கிறது. 2017இல் 22 லட்சம் லோன் போட்டு வாங்கினோம். நடுவில் கொஞ்சம் சேர்த்துக் கட்டியதால் இப்போது பாக்கி 14 லட்சம், மாதத் தவணை 19,100. ஆத்தூர் பக்கம் ஊரில் இருந்த அப்பாவும் அம்மாவும் அப்பாவின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எங்களோடு வந்துவிட்டார்கள். ஆறு பேருக்கு இரண்டு அறை. அப்பா ஹாலில்தான் படுக்கிறார், இரவில் எழுந்து போகச் சிரமப்படுகிறார்.

கன்னங்குறிச்சியில் கீழேயே ஒரு அறையும் பாத்ரூமும் உள்ள தனி வீடு 62 லட்சத்துக்கு வந்திருக்கிறது. எனக்குக் கையில் வரும் சம்பளம் 92,000. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 31,000. கார் லோன் மாதம் 8,400 போகிறது, இன்னும் 1.9 லட்சம் பாக்கி. சேமிப்பு 18 லட்சம்.

பழைய வீட்டை விற்க மனம் வரவில்லை. குடிவந்த வாரம் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்து நட்ட மல்கோவாக் கன்று இன்று மாடி உயரம் நிற்கிறது. அந்த வீட்டை 14,000க்கு வாடகைக்கு விட்டால் பழைய தவணையில் பெரும்பகுதி அதிலேயே அடைந்துவிடும், ஆகவே பேங்க் அந்த லோனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் 39 லட்சம்தான் முடியும் என்கிறார்கள். வாடகையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எனக்குக் குறைந்தது 45 வேண்டும். வழி இருக்கிறதா?

கடன்பிரிவு ஓய்வு

தம்பி, நான் முப்பது வருடம் ஒரு பேங்கில் வீட்டுக்கடன் மனுக்களைப் பார்த்தவன். உங்கள் பேங்க் சொன்னது சரிதான். எப்படி என்று பாருங்கள்.

இருவர் சம்பளமும் சேர்த்து 1,23,000. உங்கள் வருமானத்துக்கு எல்லாத் தவணைகளும் சேர்ந்து பாதிக்குள் இருக்க வேண்டும் என்று பார்த்திருப்பார்கள். சில பேங்க் 55, பெரிய சம்பளம் என்றால் 60 வரைகூடப் போகும். பாதி என்றால் 61,500. அதில் 19,100ஐயும் 8,400ஐயும் கழித்தால் 34,000. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய். 34,000க்கு 39 லட்சம் வருகிறது.

வாடகையை ஏன் எடுக்கவில்லை? நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தானே குடியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் இல்லை, வாடகை வரவான பாஸ்புக் இல்லை, வருமான வரிக் கணக்கில் வாடகை வருமானம் இல்லை. இல்லாத வருமானத்தை எந்த மேனேஜரும் எழுத மாட்டார். மதிப்பீட்டாளர் சொல்லும் வாடகையை வைத்து ஓரளவு சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, வாடகை வருகிறது என்றே வையுங்கள். முழுதாக எடுக்க மாட்டார்கள். வீடு காலியாகக் கிடக்கும் மாதம், வெள்ளையடிப்பு, ரிப்பேர் எல்லாம் உண்டு என்பதால் பாதியில் இருந்து 70 சதவீதம் வரை எடுப்பார்கள். 60 என்றால் 8,400. அதுவும் பழைய தவணையிலிருந்து கழியாது, உங்கள் வருமானத்தோடு கூடும். அதில் பாதி, அதாவது 4,200 ரூபாய்தான் புதுத் தவணைக்கு இடம் தரும். 14,000 வாடகையால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் லோன் 4.8 லட்சம். அவ்வளவுதான்.

இப்போது கார் லோனைப் பாருங்கள். 1.9 லட்சம் கட்டி முடித்தால் 8,400 முழுதாக விடுபடும். அதற்கு 9.7 லட்சம் லோன். வாடகையைப் போல இரண்டு மடங்கு, இந்த மாதமே செய்யலாம். தடையில்லாச் சான்று வாங்குங்கள், நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் லோன் முடிந்ததாகக் காட்டும்வரை பொறுத்து மனுப் போடுங்கள். வாடகை ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துக்கொண்டே தகுதி வரும்படி திட்டம் போடுங்கள். பிறகு வருவது உங்கள் குடும்பத்துக்கு மூச்சுவிடும் இடம்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஐயா சொல்வது என் சொந்த அனுபவம். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு வருடம் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, மாதம் 9,000 ரூபாயைக் கையில்தான் வாங்கினேன். ஒப்பந்தம் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி பீரோவில் கிடந்தது. இரண்டாவது வீட்டுக்கு லோன் கேட்டுப் போனபோது அந்த 9,000 யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வாடகை இருக்கிறது என்று வாயால் சொன்னதும், அப்படியானால் வரிக்கணக்கில் ஏன் காட்டவில்லை என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு வாடகையை அக்கவுண்டில் வாங்கி, இரண்டு வருடம் ரிட்டர்ன் போட்டு, அப்புறம்தான் லோன் கிடைத்தது. அதற்குள் நான் பார்த்த வீடு விலைபோய்விட்டது.

முதல் மாதத்திலிருந்தே அக்கவுண்டில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனில்தான் செய்கிறார்கள், பெரிய வேலை இல்லை. இன்னொன்று, வீட்டில் பட்டறையோ தறியோ போடக் கூடாது என்று எழுதிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குடிவந்தவர் மோட்டார் போட்டார். மின் இணைப்பை வேறு கட்டண வகைக்கு மாற்றச் சொல்லி வந்து நின்றது வீட்டுக்காரரிடம்.

சூரமங்கலம் டீச்சர்

லோன் எவ்வளவு கிடைக்கும் என்பதையே பேசுகிறோம். கையில் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தீர்களா தம்பி? நாங்கள் அதில்தான் திணறினோம்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 62 லட்சத்துக்கு 49.6. அது உங்களுக்குத் தடையில்லை. ஆனால் பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 62 லட்சத்துக்கு 5.58 லட்சம். நீங்கள் 45 லோன் எடுத்தால் கைக்காசு 17 லட்சம், பத்திரம் 5.58, கார் லோன் முடிக்க 1.9. மொத்தம் 24.48 லட்சம். லீகல் ஒப்பினியன், லோனுக்காகப் பத்திரம் அடமானப் பதிவு, வீடு மாற்றும் செலவு எல்லாம் இதற்கு மேல். உங்களிடம் இருப்பது 18.

இந்தப் பள்ளத்தை மூடப் பர்சனல் லோன் எடுக்காதீர்கள். அதன் தவணை பெரிது, உங்கள் தகுதியையே அடித்துவிடும். நகைக்கடன்கூட சிபிலில் தெரியும்.

விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர்தான் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்களுக்குக் கடைசி நாளில் அதில்தான் வாக்குவாதம் வந்தது.

ஜங்ஷன்வாசி

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் கணக்கைப் பார்த்து நேற்று இரவு தூக்கமே இல்லை.

இரண்டு விஷயம். ஒன்று, விற்பவர் 45 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம், மீதியைக் கையில் கொடுங்கள், பத்திரச் செலவு மிச்சம் என்கிறார். இரண்டு, என் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மச்சானின் லாரி லோன் ஒன்று என் பெயரில் ஜாமீன்தாரர் என்று நிற்கிறது. மாதம் 41,000 தவணை. நான்கு வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டதை மறந்தே போனேன். இதையும் கழித்தால் எனக்கு லோனே இல்லையே?

கடன்பிரிவு ஓய்வு

முதல் விஷயத்துக்கு ஒரே பதில்: வேண்டாம். பத்திர மதிப்பு, பேங்க் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில்தான் லோன். 45 லட்சப் பத்திரத்துக்கு 80 சதவீதம் 36 லட்சம். மீதி 26 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். முழு விலைக்குப் பத்திரம், முழுப் பணமும் பேங்க் வழி, அதற்காக விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அது நேர்மையான பேரம்.

ஜாமீன் விஷயம் பேங்குக்கு பேங்க் மாறும். சிலர் முழுத் தவணையையும் உங்கள் கடமையாகவே எடுப்பார்கள். சிலர், கடன்காரரே ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள். மனுப் போடும் முன்பே அந்த மேனேஜரிடம் நேரில் கேளுங்கள். ஐந்து இடத்தில் ஒரே சமயம் மனுப் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு மனுவும் சிபிலில் விசாரணையாகப் பதிவாகும்.

சங்ககிரி லாரி

இதற்குத்தான் பதில் எழுத அக்கவுண்ட் தொடங்கினேன். எங்கள் ஊரில் லாரி வாங்காத வீடும் குறைவு, ஜாமீன் போடாத சொந்தமும் குறைவு. நண்பரே, மச்சானிடம் கோபமாகப் போகாதீர்கள். அவரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, பைனான்ஸ் கொடுத்த இடத்தின் லோன் ஸ்டேட்மென்ட், ஆரம்பத்திலிருந்து. இன்னொன்று, தவணை அவர் அக்கவுண்டிலிருந்துதான் போகிறது என்பதற்கு 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட். ஒரு தவணையும் தாமதமில்லை என்றால் அந்த இரண்டும் உங்களைக் காப்பாற்றும். தாமதம் இருந்தால் உங்கள் சிபிலிலும் அடி விழுந்திருக்கும், அதை மறைக்க முடியாது.

என் தங்கை கணவருக்கு இதே நிலைமை வந்தது. நானே ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொண்டு அவரோடு பேங்குக்குப் போய் உட்கார்ந்தேன். நம் ஆளுக்காகக் கையெழுத்துப் போட்டவருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

நாலு ரோடு நண்பன்

இவ்வளவு சிரமம் எதற்கு? பழைய லோனை வேறு பேங்குக்கு மாற்றி 20 வருடமாக நீட்டுங்கள். 14 லட்சத்துக்குத் தவணை 12,150 ஆகிவிடும். 7,000 ரூபாய் இடம் கிடைக்கும், 8 லட்சம் லோன் கூடும்.

சூரமங்கலம் டீச்சர்

நண்பரே, கணக்கு சரி, ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். இப்போது கட்டும் 19,100லேயே போனால் ஏறக்குறைய 8 வருடம் 8 மாதத்தில் முடிந்துவிடும். மொத்தம் 19.8 லட்சம் கட்டுவார். 20 வருடம் நீட்டினால் 29 லட்சத்துக்கு மேல் கட்டுவார். 9 லட்சம் கூடுதல் வட்டி. கார் லோனை முடித்தால் இதைவிட அதிக இடம் கிடைக்கிறதே. கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம், முதல் வழியாக வேண்டாம்.

நாலு ரோடு நண்பன்

உண்மைதான் மேடம், மொத்தத்தை நான் போட்டுப் பார்க்கவில்லை. மாறுதலாகும் வட்டி என்பதால் பின்னால் கூடுதலாகக் கட்டினால் அபராதம் இல்லை, அதனால் நீட்டிவிட்டு வேகமாக அடைக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒழுக்கம் வேண்டும், அதுவும் உண்மை.

அம்மாப்பேட்டை

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். ஏன் விற்கக் கூடாது? அந்த வீடு 38 லட்சம் போகும் என்று வைப்போம். வருட வாடகை 1.68 லட்சம், 4.4 சதவீதம். நீங்கள் கட்டும் வட்டியோ 8.5. விற்று 14 லட்சம் பாக்கியை அடைத்தால் கையில் 24. சேமிப்பு 18ஐயும் சேர்த்தால் புது வீட்டுக்கு 26 லட்சம் லோன் போதும். தவணை ஏறக்குறைய 22,600. மனைவி வேலையை விட நேர்ந்தாலும் குடும்பம் ஓடும். இரண்டு லோனும் சேர்ந்து மாதம் 58,000, 60,000 என்று 41 வயதுக்காரர் தலையில் ஏற்றுவது எனக்குப் பயமாக இருக்கிறது. மரத்தின் மேல் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் அம்மாவுக்கு மரத்தைவிட மகன் நிம்மதி பெரிது.

ஜங்ஷன்வாசி

வயது 38தான். ஆனாலும் நீங்கள் சொன்னதை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐந்து ரோடு கணக்கர்

விற்பதா வைப்பதா என்று இன்றைக்கே முடிவு செய்யத் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் லாபத்துக்கு, அந்த லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டிருந்தால் வரிவிலக்கு உண்டு. 54ஆவது பிரிவு என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். புது வீட்டை விற்பனைக்குப் பிறகு இரண்டு வருடத்துக்குள் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியும். விற்பனைக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் வாங்கியிருந்தாலும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. ஆக, கன்னங்குறிச்சி வீட்டை வாங்குங்கள், பழையதை வாடகைக்கு விடுங்கள், பத்து மாதம் பாருங்கள். மாதக் கணக்கு இடித்தால் ஒரு வருடம் முடிவதற்குள் விற்றுவிடுங்கள். லாபத்துக்கு வரி வராது, பணத்தைப் புது லோனில் கட்டிவிடலாம்.

வாடகைக்கு வரி எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். 1,68,000இல் சொத்துவரி 4,000 என்று வைத்துக் கழித்தால் 1,64,000. அதில் 30 சதவீதம் ரிப்பேருக்கென்று சட்டமே கழித்துக்கொடுக்கும். மீதி 1,14,800. பழைய லோனுக்கு இந்த வருட வட்டி ஏறக்குறைய அவ்வளவு வரும். வரி கட்ட ஒன்றும் இருக்காது. வாடகை வீட்டுக்கான இந்த வட்டிக் கழிவு புதிய வரிமுறையிலும் உண்டு. ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு இல்லை, பழைய முறையில் வருடம் 2 லட்சம் வரை உண்டு. இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதை எடுங்கள்.

ஏற்காடு காப்பி

நடுவில் ஒரு கேள்வி. எனக்குச் சேலத்தில் லோனோடு இரண்டு வீடு இருக்கிறது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு சிறு வீடு வாங்கி, நாங்களும் தங்கி, விடுமுறைக்கு வருபவர்களுக்கும் விடலாம் என்று ஆசை. இதே வழி பொருந்துமா?

கடன்பிரிவு ஓய்வு

மலையில் விஷயம் வேறு. மூன்றாவது வீட்டிலிருந்து வரும் கடனை ரிசர்வ் வங்கி விதிப்படி வணிகக் கட்டடக் கடனாக எடுப்பார்கள், வட்டி கூடும். தினவாடகையைப் பேங்க் வாடகை வருமானமாகப் பார்க்காது, அது தொழில் வருமானம். எல்லாவற்றுக்கும் முன்னால் காகிதம் பாருங்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது, கட்டட அனுமதி அந்தக் குழுமத்தின் ஒப்புதலோடு இருக்க வேண்டும். காப்பித் தோட்டத்துக்குள் கட்டிய வீட்டுக்கு அனுமதி இல்லையென்றால் வீட்டுக்கடன் கிடைக்காது. ஒப்படைப் பட்டாவா, அதாவது அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலமா, விற்க நிபந்தனை இருக்கிறதா என்று வக்கீலிடம் மூலப் பத்திரத்தோடு காட்டுங்கள். விரிவாகத் தனி இழை தொடங்குங்கள், பதில் தருகிறேன். இங்கே தம்பி விஷயம் ஓடட்டும்.

ஜங்ஷன்வாசி

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அடுத்த நாளே கார் லோனை முடித்தேன். சிபிலில் மாற நாற்பது நாள் ஆயிற்று. நான் கேட்ட உடனே மச்சான் காகிதங்களோடு வந்தார். ஒரு தவணைகூடத் தாமதமில்லை. முதலில் போன பேங்க் ஜாமீனை விடவே மாட்டோம் என்றது, இரண்டாவது பேங்க் ஒத்துக்கொண்டது. வாடகையைக் கணக்கில் எடுக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. 47 லட்சம் அனுமதித்தார்கள், தவணை 40,800.

முழு விலைக்குப் பத்திரம், எல்லாம் பேங்க் வழி என்று சொன்னபோது விற்பவர் இரண்டு நாள் யோசித்து 60 லட்சத்துக்கு இறங்கி வந்தார். அவருக்கும் மகள் படிப்புக்கு வெளிப்படையான பணம் தேவைப்பட்டிருக்கிறது. கைக்காசு 13, பத்திரம் 5.4, கார் 1.9, சில்லறைச் செலவு 70,000. மொத்தம் 21 லட்சம். நான் கேட்காமலேயே அப்பா தன் வைப்புத் தொகையை முறித்து 5 லட்சம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "என் படுக்கைக்கு நான் கொடுக்கிறேன்" என்றார். மனைவியின் நகை அப்படியே இருக்கிறது. கையில் 2 லட்சம் நிற்கிறது, இரண்டு லோனுக்கும் சேர்த்து மூன்று மாதத் தவணை. போதாது என்று தெரியும். முதல் ஆறு மாத வாடகையைத் தொடாமல் தனியாகச் சேர்க்கிறோம்.

அம்மாப்பேட்டை அண்ணா, உங்கள் பதிவை மறக்கவில்லை. பத்தாவது மாதத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம். அன்றைக்கு நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

பழைய வீட்டுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் குடும்பம் வந்திருக்கிறது. வாடகை 13,500, மூன்று மாத அட்வான்ஸ். லோன் கொடுத்த பேங்குக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டோம்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ரொம்ப சந்தோஷம். ஒப்பந்தம் பதிவு செய்துவிட்டீர்களா? வாடகை அக்கவுண்டில்தானே?

ஜங்ஷன்வாசி

இரண்டும் ஆயிற்று அண்ணா. பட்டறை போடக் கூடாது என்ற வரியும் இருக்கிறது. அதற்குக் கீழே அம்மா சொன்ன ஒரு வரியையும் சேர்த்தோம்: மாமரத்தை வெட்டவோ கிளை கழிக்கவோ எங்களைக் கேட்க வேண்டும், பழம் குடியிருப்பவர்களுக்கு, சீசனில் ஒரு கூடை கன்னங்குறிச்சிக்கு.